பனிக்கு நாங்கள் கொடுத்த சொல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

இந்த மாதிரிக் குறிப்புகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆறு வருடம் இந்த மலையில் சொல் சேகரித்துவிட்டு, அடுத்த மாதம் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிறேன். போவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிட்டுப் போகும்படி மேடம் சொன்னார். மேடம் என்றால் நம் ஆய்வுக்குப் பொறுப்பானவர். நீங்கள் மூன்று பேரும் நேர்காணலில் பார்த்திருப்பீர்கள், அதிகம் பேசமாட்டார்.

ஒலிப்பதிவுக் கருவியை எங்கே வைப்பது, அட்டையில் எதை எங்கே குறிப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தவற்றை. அது தவறென்று எனக்குத் தெரியவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அப்பா அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதில்லை. ஆனால் இந்தப் பெருமைக்கும் நான் செய்த காரியத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பா கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"படுகர் ஊருங்கள ஹட்டின்னு சொல்றாங்கல்லப்பா? நாம பட்டிங்கறோம். பாலை ஹாலுங்கறாங்க. நம்ம 'ப' வர்ற எடத்துல அவங்களுக்கு 'ஹ' வருது. ஒண்ணு ரெண்டுல இல்ல, வரிசையா வருது. அப்ப ரெண்டும் ஒரு காலத்துல ஒரே வார்த்தைதான்."

"எது மொதல்ல?"

"'ப' தான். அவங்க பேச்சு கன்னடத்துக்குச் சொந்தம், பழைய கன்னடக் கல்வெட்டுல 'ப' இருக்குது."

அப்பாவுக்குச் சந்தோஷம். "அப்ப நம்மளுதுதான் ஒரிஜினல்."

"இதுல ஆமா. காதை நாம செவிங்கறோம், கன்னடத்துல கிவி. அதுல 'க' தான் பழசு. மாறினது நாம."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தமிழா மாறுச்சு?"

"ஆமாப்பா."

"இத லைன் வீடுகள்ல யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காத. இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார்.

நம் வேலை முழுவதும் இவ்வளவுதான். உறவுள்ள மொழிகளை அருகருகே வைத்து, எந்த ஒலி எந்த ஒலியாக ஒழுங்காக மாறியிருக்கிறது என்று பார்க்கிறோம். அந்த ஒழுங்கை வைத்துப் பின்னோக்கிப் போய், எழுத்தில் பதிவாகாத காலத்தில் ஒரு சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறோம். அப்படிக் கணக்கிட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது நம் தொழிலின் வழக்கம். இதை யாரும் காதால் கேட்டதில்லை, நாங்கள் ஊகித்தது, என்று அதற்குப் பொருள். சமையலில் உப்பு மாதிரி, போடுவதே தெரியாமல் கை போட்டுவிடும்.

அந்தக் குறியை நான் ஒருமுறை எடுத்தேன்.

கோத்தகிரிக்குக் கீழே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் இறங்கி நடந்தால் நாற்பது வீடுகள் உள்ள ஒரு மலைக்குடி ஊர் வருகிறது. ஊரின் பெயரையும் அவர்கள் மொழியின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்த மொழியில் மூடுபனிக்குச் சொந்தச் சொல் இல்லை. அதாவது, எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தமிழ்ச் சொல்லைத்தான் சொன்னார்கள். வருடத்தில் பாதி நாள் பனிக்குள் இருக்கும் மக்களுக்குப் பனிக்குச் சொல் இல்லை என்பது எனக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. உறவுள்ள மூன்று மொழிகளில் ஒரே சொல் வெவ்வேறு வடிவத்தில் இருந்தது. நான் உட்கார்ந்து கணக்கிட்டேன். இந்த மொழியில் அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வடிவம் வந்தது. அழகான சொல். மேடம் மூன்று நாள் சரிபார்த்துவிட்டு, "இப்படித்தான் இருந்திருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

அந்தச் சொல்லை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு தடவை அச்சில் ஏறியதாகிவிடும்.

அந்த ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு படப் பலகை செய்தோம். நாற்பது படம், நாற்பது சொல், எல்லாம் அவர்கள் மொழியில். மலைப் படத்தின்மேல் பனி வராமல் எப்படி? என் சொல்லைச் சேர்த்தேன், நட்சத்திரத்தோடு. மேடம் அப்படியே பார்த்து ஒப்புதல் கொடுத்தார். கீழ் மூலையில் 'தொகுப்பு' என்று என் பெயர். என் குடும்பத்தில் ஒரு பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை, ரேஷன் அட்டையைத் தவிர.

குன்னூரில் அச்சகத்துக்காரர் கடைசித் தாளைக் காட்டிக் கேட்டார். "ஏனுங்க, இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நட்சத்திரம் இருக்குதுங்களே. அடியில 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'ன்னு போடோணுங்களா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் பெயர் போட்ட முதல் தாளில், என் சொல்லின்மேல் மட்டும் ஒரு சந்தேகக் குறி. குழந்தைகளுக்கு அது என்ன புரியப்போகிறது என்றும் தோன்றியது.

"எடுத்துடுங்க" என்றேன்.

மேடத்திடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. வீட்டுக்கு ஒன்றாகப் பலகைகள் போயின. ஒன்றை அப்பா வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஒன்றேகால் வருடம் கழித்து யாஸ்மின் எங்களோடு சேர்ந்தாள். ஊட்டி பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். காது மிகவும் கூர்மை, வாய் அதைவிட. அந்த ஊருக்கு அவளை அனுப்பினோம். மூன்றாம் நாள் ஓடிவந்து ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

நஞ்சன் என்ற பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஒன்றில் வாட்ச்மேனாக இருப்பவர். வெளியே பனி இறங்குவதைக் காட்டி யாஸ்மின் கேட்கிறாள். அவர் சட்டென்று சொல்கிறார். என் சொல்லை. நான் தாளில் கணக்கிட்ட அதே வடிவம், ஓர் ஒலிகூடப் பிசகவில்லை.

நம் தொழிலில் இது நடப்பதில்லை. இருந்திருக்கும் என்று நாம் சொல்லும் சொற்களை வாழ்கிற மனிதர் ஒருவர் வாயால் கேட்பது, எங்கோ ஒருவருக்கு ஒருமுறை நடக்கலாம். ஒன்றேகால் வருடத்துக்கு முன் அந்த வீடுகளுக்குக் கொடுத்த பலகை எங்கள் இருவருக்கும் நினைவுக்கே வரவில்லை. மேடம் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் கருத்தரங்கு. கட்டுரையில் என் பெயர்தான் முதலில் என்று அவரே எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை நான் போய் நஞ்சனை வீடியோவில் பதிவுசெய்து வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

திங்கட்கிழமை காலை இறங்கினேன். நஞ்சன் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள் சுமதி "வாங்க டீச்சர்" என்று உள்ளே உட்கார வைத்தாள், அந்த ஊரில் படித்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது சிறியவள். தட்டு நிறைய அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பத்து மாதக் குழந்தை ஒன்று வாசற்படியை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது.

சுமதி நிமிராமலே குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அது என் சொல்.

குழந்தை நின்று திரும்பிப் பார்த்தது.

"என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன், காதில் விழுந்துவிட்ட பிறகும்.

"உங்க படத்துல இருந்துதான் டீச்சர்" என்று சுமதி சிரித்தபடி சுவரைக் காட்டினாள். பலகை அங்கே மாட்டியிருந்தது. பனிப் படத்தைச் சுற்றி மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. "எம் பேரு பள்ளிக்கூடத்துல போட்டது. எங்க ஊட்டுக்காரரு பேரு ஓட்டு லிஸ்ட் எழுத வந்தவங்க போட்டது. இவளுக்காச்சும் எங்க பேச்சுல ஒரு பேரு இருக்கட்டும்னு வெச்சோம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, இது என்ன பேரு, வாயில நுழையலைன்னாங்க. எங்க பழைய பேருங்க, எழுதுங்கன்னு நின்னு எழுத வெச்சேன்."

எழுந்து போய் பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அரசு முத்திரையோடு இருந்தது.

"மாமாவுக்கு இந்த வார்த்தை முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. யாருக்குமே தெரியல. படத்துல போட்டுருக்கறாங்க, நாமதான் மறந்துட்டோம்னு மாமாதான் சொன்னாரு. இவளுக்கு வெச்ச அப்பறம் ஊரே சொல்லுது."

அவள் தேநீர் கொடுத்தாள், குடித்தேன். நஞ்சன் எழுவதற்கு முன் கிளம்பிவிட்டேன். வீடியோக் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஏறி வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் அந்த ஊரில் கண்டெடுத்ததாக நினைத்தது, நாங்களே கொண்டுபோய்ப் போட்டது. இப்படி ஒன்று நடக்கும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இனி வரும் பகுதியை நீங்கள் கவனித்துப் படியுங்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நட்சத்திரத்தை எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடம் பார்த்தது குறி போட்ட தாளை. யாஸ்மின் பலகையைக் கவனித்ததே இல்லை. கேட்டால் அந்தச் சொல் அங்கே பேசப்படுகிறது என்பதும் பொய்யில்லை, ஊரே பேசுகிறது. இப்படியெல்லாம் ஒரு நாள் முழுக்க எனக்குள் வாதாடினேன். நேர்மையான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவ்வளவு நன்றாக வாதாடுவாள் என்று எனக்குத் தெரியாது. கருத்தரங்கு அழைப்பிதழில் என் பெயரை வேறு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை மேடத்திடம் போய்ச் சொன்னேன். உட்காரக்கூட இல்லை.

அவர் முதலில் கேட்டது இதுதான்: "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். "கட்டுரைய வாபஸ் வாங்கறோம்னு எழுது. ஏன்னும் எழுது. உடம்பு சரியில்லன்னு எழுதாத."

எழுதினேன். அனுப்பும் பொத்தானை அவர் அழுத்தினார்.

யாஸ்மினுக்குச் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தபடி கேட்டாள். "அக்கா, அப்ப நாமளே பந்து போட்டு, நாமளே அடிச்சு, நாமளே சிக்ஸர்னு கைய தூக்கியிருக்கோம்." கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். நஞ்சன் சொல்லைச் சொன்னதும் அவள் கேட்டிருந்தாள்: "இது உங்க பழைய வார்த்தைதானுங்களே?" அவர், "ஆமாங்க."

"ஆமான்னு சொல்றதத் தவிர அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள் யாஸ்மின். அன்று மாலை தன் பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து அப்படிக் கேட்ட கேள்விகளைத் தேட ஆரம்பித்தாள். நானும் என்னுடையவற்றைத் தேடினேன். எண்ணிக்கையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அட்டைகளில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன், நீங்களே பார்ப்பீர்கள்.

கட்டுரையை வாபஸ் வாங்கியதோடு நம் வேலை முடிந்தது, இனி ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும், என்று மேடமே தயங்கினார். "பேரு வெச்சாச்சு. அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கா. யாருக்காகச் சொல்லப்போற?" ஆனால் அந்தச் சான்றிதழை அவள் என் மடியில் வைத்தது மனதை விட்டுப் போகமாட்டேன் என்றது. பள்ளிக்கூடம் ஒரு பெயர் கொடுத்தது, பட்டியல் எழுத வந்தவர்கள் ஒரு பெயர் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து தப்பித்து வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கடைசியாகப் பெயர் கொடுத்த வெளியாள் நான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நஞ்சன் விழித்திருந்தார். சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மறைக்காமல் முழுவதும் சொன்னேன், அச்சகத்தில் சிரித்தார்கள் என்பது உட்பட.

நஞ்சன்தான் முதலில் பேசினார். "அந்தப் பாய் ஊட்டுப் பொண்ணு கேட்டுச்சு, ஆமான்னேன். அவ்வளவு தொலவு நடந்து வந்துருக்குது. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

சுமதி என்னையே பார்த்தாள். "அப்ப இவளுக்கு முன்னாடி இந்தப் பேர யாரும் சொன்னதே இல்லீங்களா?"

"இருந்திருக்கலாம். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. எங்க கணக்கு அப்படித்தான் சொல்லுது. ஆனா யாரும் கேட்டதில்ல."

"இருந்திருக்கலாம்" என்று என் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். "நெசமா சொல்றீங்களா, இல்ல இதும் கணக்கா?"

அவள் போய்ச் சுவரிலிருந்து பலகையைக் கழற்றி வந்து தரையில் வைத்தாள். குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை, நஞ்சனிடம் கொடுத்தாள். "மீதி முப்பத்தொம்பதையும் வரிசையா படிங்க. மாமா, தெரிஞ்சா தெரியும்னு சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. டீச்சர் மூஞ்சியப் பாக்காத."

படித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தபடி சொன்னார். தெரியும், தெரியும், தெரியும். பதினோராவது சொல்லில் நிறுத்தினார்.

"இது எங்களுது இல்லீங்க."

"நீங்கதானே சொன்னீங்க? எழுதி வெச்சிருக்கேனே."

"நீங்க ஏதோ ஒரு வார்த்தையச் சொல்லி இதானான்னு கேட்டீங்க. சரின்னேன்."

இன்னும் இரண்டு அப்படி வந்தன. மூன்றும் நான் உறுதியென்று நினைத்தவை, மூன்றும் நம் பட்டியலில் இரண்டு வருடமாக இருந்தவை. வேறு ஆட்கள் அவற்றைத் தங்கள் கட்டுரையில் எடுத்தாண்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கடைசியாக விழுந்த அடி அதுதான், முதல் அடியைவிட ஓங்கி விழுந்தது. ஒரு நட்சத்திரத்தை எடுத்ததுதான் என் தவறு என்று நம்பிப் போயிருந்தேன். எத்தனை நட்சத்திரங்களைப் போடாமலே விட்டிருக்கிறேன் என்று அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சுமதி பேனாவை வாங்கி அந்த மூன்று படங்களையும் அடித்தாள். நான்காவதாகப் பனிப் படத்தின்மேல் பேனாவைக் கொண்டுபோனாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"பேரு இருக்கட்டும்" என்றாள். "கூப்புட்டா திரும்பறா. அத நீங்க திருப்பி வாங்க முடியாது. ஆனா நீங்க இனிமே வார்த்தை கேட்டு எங்க ஊட்டுக்கு வராதீங்க டீச்சர். வேற ஆளு வரட்டும். வர்றவங்க மொதல்ல எங்கிட்டச் சொல்லட்டும், எது இங்க கெடச்சது, எது அவங்க கொண்டு வந்ததுன்னு."

சரி என்றேன். மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லி, திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தவர்களிடம் பலகைகளை வாங்கிக்கொண்டு ஏறினேன். ஐந்தாறு வீடுகள் கொடுக்கவில்லை. படம் நன்றாக இருக்கிறது, சுவரில் ஈரம் தெரியாது என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்ததை அப்பாவே சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். ஏன் என்று சொன்னேன். "உன்ன யாரும் கண்டுபிடிக்கலையே, நீயாத்தானே போய்ச் சொன்ன?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அந்த ஊருக்கு அடுத்த மாதம் நீங்கள் போக வேண்டும். சொற்களைச் சொல்லி இதுதானா என்று கேட்காதீர்கள். பொருளைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். தெரியாது என்று அவர்கள் சொன்னால் அந்தத் 'தெரியாது' என்பதையும் எழுதி வாருங்கள், நம்மிடம் இருப்பதிலேயே நம்பத்தகுந்த பதிவு அதுவாக இருக்கலாம். சுமதி முதலில் ஒரு கேள்வி கேட்பாள், உண்மையான பதிலோடு போங்கள்.

குழந்தைக்கு இப்போது மூன்று வயது முடியப்போகிறது. ஓடுகிறாள் என்று யாஸ்மின் சொன்னாள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவளைப் பேர் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள். அதைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.